பெருங்குடலுக்கு இரத்தம் போதாமல் போன பிறகு: வீடு திரும்பியவருக்குச் சில குறிப்புகள்

இந்த நோயோடு மருத்துவமனையில் கிடந்துவிட்டு வீடு திரும்பியவரை யார் பார்க்க வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அப்படி என்னதான் சாப்பிட்டீர்கள்?" எனக்கு வயது 66. கொஞ்சம் முன்கோபமும் உண்டு. இருந்தும் வந்தவர்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்கிப் பார்த்தேன். சாப்பாட்டின் மேல் குற்றமில்லை. பெருங்குடலின் ஒரு பகுதிக்குப் போக வேண்டிய இரத்தம் சிறிது நேரம் போதாமல் போயிற்று. அதனால் குடலின் உட்சுவர் புண்ணாகி இரத்தம் கசிந்தது. இஸ்கிமிக் கோலைட்டிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

கேள்வியே தவறாக இருக்கும்போது, அதைத் தொடர்ந்து வரும் அறிவுரை மட்டும் எப்படிச் சரியாக இருக்கும்? இதைத் தொடாதே, அதை ஒதுக்கு என்று ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள். நோயாளியும் சாப்பாட்டுத் தட்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். மருந்துப் பெட்டியையும் தண்ணீர்ப் பாட்டிலையும் இரத்த அழுத்தக் கருவியையும் கண்டுகொள்ள மாட்டார். மீண்டு வருவதற்கான வேலையில் பெரும்பங்கு இந்த மூன்றில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. சாப்பாட்டைப் பற்றியும் சொல்கிறேன், ஆனால் சுருக்கமாக.

உள்ளே நடந்தது என்ன?

பெருங்குடலுக்கு முக்கியமாக இரண்டு தமனிகள் இரத்தம் கொண்டுவருகின்றன. மேல் மெசென்டெரிக் தமனி வலப்பக்கத்தையும் நடுப்பகுதியையும் கவனித்துக்கொள்கிறது. இடப்பக்கம் கீழ் மெசென்டெரிக் தமனியின் பொறுப்பு. இரண்டின் எல்லைகளும் சந்திப்பது இடது விலா எலும்புகளுக்கு அடியில், மண்ணீரலை ஒட்டிய வளைவில். இரண்டு வாய்க்கால்களுக்கும் அதுதான் கடைமடை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதானே? உடலில் நீர் வற்றினாலும், இரத்த அழுத்தம் இறங்கினாலும், ஏதோ ஒரு மருந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கினாலும் முதல் அடி பெரும்பாலும் இந்த வளைவுக்கோ அதற்குக் கீழே உள்ள இடப்பக்கக் குடலுக்கோதான் விழுகிறது. இடது வயிற்றில் திடீரென்று முறுக்கிப் பிடிக்கும் வலி, அடக்க முடியாமல் கழிப்பறைக்கு ஓட வைக்கும் அவசரம், ஒரு நாளுக்குள் மலத்தோடு சிவப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ இரத்தம் என்று பலருக்கும் ஒரே வரிசையில் நோய் வருவதற்கு இதுவே காரணம்.

1966-இல் இந்த நோய்க்கு இப்பெயரைக் கொடுத்த பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஏட்ரியன் மார்ஸ்டனும் அவருடைய சகாக்களும் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: தானாக ஆறிவிடுவது, ஆறும்போது தழும்பு விழுந்து குடல் குறுகிப்போவது, குடல் அழுகிப்போவது. பெரும்பாலானவர்கள் முதல் வகையினர். குடலின் உட்படலம்தான் இரத்தக் குறைவில் முதலில் கெடுகிறது. ஆனால் உடலில் வெகு விரைவாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் திசுக்களில் அதுவும் ஒன்று. வலியும் இரத்தமும் பலருக்குச் சில நாட்களில் அடங்குகின்றன. புண் முழுவதும் ஆறச் சில வாரங்கள் ஆகலாம், சிலருக்கு மாதங்களும் ஆகலாம்.

என் மகள் இணையத்தில் தேடிவிட்டு முகம் வெளிறி வந்தாள். "அம்மா, தமனியில் இரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று போட்டிருக்கிறதே" என்றாள். அவள் படித்தது சிறுகுடலுக்குப் போகும் தமனி திடீரென்று அடைபடும் நோயைப் பற்றி. அது வேறு, அதன் அவசரமும் வேறு. பெருங்குடலில் வரும் இந்த நோயில் பெரிய தமனி எதிலும் அடைப்பே தென்படாதவர்கள்தான் அதிகம். பெருங்குடலில் நெடுநாள் அழற்சியால் புண்கள் வரும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸும் இது இல்லை. அதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் இதற்கு உதவா. உறவினர் யாராவது தமக்குக் கொடுத்த மாத்திரையை அன்போடு நீட்டினால், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மருத்துவரிடம் ஒன்றை மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: குடலில் எந்தப் பகுதி பாதிக்கப்பட்டது? வலப்பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அந்தப் பக்கத்துக்கு இரத்தம் தரும் தமனியே சிறுகுடலுக்கும் இரத்தம் தருவதால் அதையும் ஆராய்ந்து பார்ப்பார்கள்.

உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டிய நேரம்

இந்தப் பகுதியைத் தனித்தாளில் எழுதி வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வையுங்கள். வலி குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போவது. வயிறு பலகைபோல் இறுகுவது, அல்லது தொட்டாலே துள்ள வைக்கும் வலி. காய்ச்சல், குளிர் நடுக்கம். இரத்தம் கட்டிகட்டியாகவோ நிற்காமலோ போவது. நிற்கும்போது கண் இருட்டுவது, நெஞ்சு படபடப்பது, மயங்கி விழுவது. வாந்தி நிற்காமல் தண்ணீர்கூடத் தங்காமல் இருப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சல் பெரிதாகத் தெரியாமலும் போகலாம். புதிதாக மனம் குழம்பிப் பேசுவதும் ஓர் அறிகுறிதான்.

மருந்துப் பெட்டியைக் கொட்டிப் பாருங்கள்

நான் சொல்லும் எல்லாவற்றிலும் பலன் அதிகம் தருவது இந்த வேலைதான் என்று நினைக்கிறேன். வீட்டிலிருக்கும் எல்லா மருந்துகளையும் மேசை மேல் கொட்டுங்கள். தினமும் விழுங்குபவை மட்டும் போதாது. சளி பிடித்தால் போட்டுக்கொள்வது, தலைவலிக்கு வைத்திருப்பது, மூட்டு வலிக்கு யாரோ கொடுத்தது, எடை குறைய வாங்கியது, மூலிகைத் தூள் என்று எதையும் விடக்கூடாது. ஒரு தாளில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: மருந்தின் பெயர், எதற்காக, எப்போதிலிருந்து, நோய் வருவதற்கு முந்தைய வாரத்தில் எடுத்துக்கொண்டேனா. நான்காவது கட்டம்தான் மருத்துவருக்கு வேண்டியது.

என் தாளில் அந்தக் கட்டத்தில் மூன்று பெயர்கள் சேர்ந்து நின்றன. இரத்த அழுத்தத்துக்காக நெடுநாளாக எடுத்துவந்த, சிறுநீரைக் கூட்டும் மாத்திரை. மூக்கடைப்புக்கு வாங்கிய, சூடோஎபெட்ரின் கலந்த சளி மாத்திரை. இருமலுக்குக் கொடுத்த, கோடீன் கலந்த மருந்து. முதலாவது உடலின் நீரைக் குறைக்கும். இரண்டாவது இரத்தக் குழாய்களைச் சுருக்கும். மூன்றாவது மலச்சிக்கலைக் கொண்டுவரும், இறுகிய மலம் குடலுக்குள் அழுத்தத்தைக் கூட்டும். அந்த வாரம் காய்ச்சலில் தண்ணீரும் சரியாக இறங்கவில்லை. மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, "தனித்தனியாக வந்திருந்தால் உங்கள் குடல் சமாளித்திருக்கும், எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிட்டது" என்றார். கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபியைவிடத் தெளிவான விடையை இந்தத் தாளிலிருந்து பெற்றதாகவே எனக்குத் தோன்றியது.

உங்கள் தாளில் வேறு பெயர்கள் இருக்கலாம். ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான் வகை மருந்துகள், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள், டிராமடால் என்ற வலி மருந்து, சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவற்றுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு பதிவாகியிருக்கிறது. கோகெயின், மெத்தாம்பெட்டமின் போன்ற போதைப்பொருள்களும் இதில் சேரும். அவற்றைப் பயன்படுத்தியவர்கள் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. குடல் எரிச்சல் நோய்க்கான அலோசெட்ரான் என்ற மருந்து அமெரிக்காவில் 2000-இல் விற்பனைக்கு வந்தது. அதை எடுத்தவர்கள் சிலருக்கு இந்த நோயும் கடுமையான மலச்சிக்கலும் வந்ததால் அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. 2002-இல் கடுமையான கட்டுப்பாடுகளோடுதான் மறுபடி அனுமதி கிடைத்தது.

பட்டியலைப் பார்த்துப் பதறி மருந்துகளை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். ஆஸ்பிரின், இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்துகள், இதய மாத்திரைகள் போன்றவற்றை மலத்தில் இரத்தம் கண்ட பயத்தில் நிறுத்துகிறவர்கள் உண்டு. அது குடலைக் காப்பாற்றப்போய் இதயத்தையோ மூளையையோ ஆபத்தில் மாட்டிவிடக்கூடும். எதை நிறுத்துவது, எதை மாற்றுவது, எதன் அளவைக் குறைப்பது என்பதை மருத்துவர் தாளில் எழுதிக் கொடுக்கட்டும். சின்ன வலிகளுக்குப் பாரசிட்டமால் போதுமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைடையும் கேட்காமல் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நின்றபடியும் அளந்து பாருங்கள்

வீட்டில் இரத்த அழுத்தக் கருவி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்துதான் அளக்கிறார்கள். நமக்குத் தெரிய வேண்டியது, எழுந்து நிற்கும்போது அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பது. ஐந்து நிமிடம் அசையாமல் படுத்திருங்கள். படுத்தபடியே ஒருமுறை அளந்து எழுதுங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் மீண்டும் அளந்துவிட்டு, மூன்றாவது நிமிடத்தில் இன்னொரு முறை அளந்து பாருங்கள். கருவியின் பட்டை கையிலேயே இருக்கட்டும், கையை இதயத்தின் மட்டத்தில் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேலோ இறங்கினால் அது மருத்துவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

எனக்குப் படுத்திருக்கையில் 128 காட்டிய கருவி, நின்றதும் 104 காட்டியது. தலை சுற்றல் எதுவும் இல்லாததால் எனக்கு அது தெரியவே இல்லை. குறிப்புகளைப் பார்த்த மருத்துவர் சிறுநீர் மாத்திரையை நிறுத்திவிட்டு வேறொன்றைக் குறைந்த அளவில் தொடங்கினார். அதிக இரத்த அழுத்தத்தை மட்டுமே எதிரியாக நினைத்துப் பழகியவர்களுக்கு, குறைவான அழுத்தமும் கெடுதல் செய்யும் என்பது கேட்க விசித்திரமாகத்தான் இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் எல்லோருக்கும் பொதுவான அளவு கிடையாது. இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ இருப்பவர்களுக்கு மருத்துவர் சொல்லும் அளவுதான் எல்லை. மற்றவர்கள் சிறுநீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். வெளிர்மஞ்சளாக இருந்தால் சரி, அடர்ந்து வந்தால் குடித்தது போதவில்லை. வயதானால் தாகம் மந்தமாகிவிடும் என்பதால் தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சாப்பாடும் கழிப்பறையும்

மருத்துவமனையில் குடலுக்கு ஓய்வு கொடுத்து, நரம்பு வழியாக நீர் ஏற்றியிருப்பார்கள். நோயின் கடுமையைப் பொறுத்து ஆண்டிபயாடிக்கும் கொடுத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் விட்டதையெல்லாம் பிடிக்கும் வேகத்தில் சாப்பிடக் கூடாது. வயிறு முட்டச் சாப்பிட்டால் செரிமானத்துக்கே நிறைய இரத்தம் தேவைப்படும். கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகச் சாப்பிடுங்கள். முதலில் குழைய வேகவைத்த சோறு, தோல் நீக்கி மசித்த காய், முட்டை, தயிர் போன்றவை போதும். கொட்டைகளும் விதைகளும் பச்சைக் காய்கறிகளும் சில வாரங்கள் காத்திருக்கட்டும். வலி நின்று மலம் சீரான பிறகு நார்ச்சத்தை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒரே நாளில் நான்கு புதியவற்றைச் சேர்த்தால், வயிறு உப்பும்போது எதன் வேலை என்று தெரியாது. இந்த நோயை ஆற்றும் விசேஷ உணவு என்று ஒன்றும் கிடையாது. இருப்பதாகச் சொல்லி யாராவது எதையாவது விற்றால் வாங்காதீர்கள்.

நார்ச்சத்து குறைந்த அந்த வாரங்களில் மலச்சிக்கல் தலைகாட்டும். முக்கக் கூடாது. கால்களுக்கு அடியில் ஒரு சிறிய முக்காலியை வைத்து முழங்கால்கள் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி உட்கார்ந்தால் எளிதாகப் போகும். காலை உணவுக்குப் பிறகு குடல் தானாகவே அசைந்துகொடுக்கும், அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள். அதற்கும் மசியாவிட்டால் லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைகால் போன்ற, மலத்தை இளக்கும் மருந்துகளை மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம். குடலை உலுக்கித் தள்ளும் பிசகோடில் போன்றவை வேண்டாம். சிலருக்கு அவற்றாலேயே இந்த நோய் வந்திருக்கிறது.

ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் குனிந்து பார்ப்போம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் சில நாட்களில் பழைய இரத்தம் கருஞ்சிவப்பாக, சளியோடு கலந்து சிறிதளவு வரலாம். நாளுக்கு நாள் அது குறைந்துகொண்டே போக வேண்டும். நின்ற பிறகு பளிச்சென்ற சிவப்பு மறுபடி வந்தால் மருத்துவருக்குத் தெரிவியுங்கள். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்கு மலம் கறுப்பாகும், பீட்ரூட் சாப்பிட்டால் சிவக்கும். இவை தெரியாமல் நள்ளிரவில் வீட்டையே எழுப்பியவர்கள் உண்டு. ஆனால் இரும்பு மாத்திரை எதுவும் எடுக்காமல் மலம் தார்போல் கறுத்து, பிசுபிசுத்து, கடுமையாக நாறினால் அது மேல்வயிற்று இரத்தக்கசிவாக இருக்கலாம், காத்திருக்க வேண்டாம்.

மறுபரிசோதனைகள்

புண் ஆறிவிட்டதா, குடல் குறுகியிருக்கிறதா, இரத்தம் வந்ததற்குக் கட்டி எதுவும் காரணமா என்று பார்க்கச் சில வாரங்கள் கழித்து மறுபடி கொலோனோஸ்கோபி செய்யச் சொல்லலாம். சோதனையைவிட அதற்கு முந்தைய நாள்தான் நமக்கு முக்கியம். குடலைக் கழுவ மருந்து குடிக்கும்போது நிறைய நீர் வெளியேறும், நமக்கு ஆகாததும் அதுதான். உங்களுக்கு வந்த நோயைச் சொல்லி, எந்தக் கழுவும் மருந்து, கூடவே எவ்வளவு நீர், இரத்த அழுத்த மாத்திரையை அன்று எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். துடிப்பு ஒழுங்கற்றுப் போகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் சிலருக்கு இருப்பதே தெரியாமல் இருக்கும். இளம் வயதில் இந்த நோய் வந்தால் விசாரணை வேறு பக்கம் போகும்: இரத்தம் எளிதில் உறையும் தன்மை, கருத்தடை மாத்திரை, நீண்ட தூர ஓட்டம். மராத்தான் ஓடுகிறவர்களின் உடல் இரத்தத்தைக் கால் தசைகளுக்குத் திருப்பிவிடும்போது குடலுக்குப் பங்கு குறைகிறது. நம்மைப் போன்றவர்களின் மெதுவான நடைக்கு இந்தப் பயம் தேவையில்லை. வலி நின்றதும் நடக்கலாம், நடக்கவும் வேண்டும். புகைப்பவர்கள் புகைப்பதை விடத்தான் வேண்டும், இதில் பேரம் பேச இடமில்லை.

எல்லாம் சரியாகிச் சில வாரங்கள், மாதங்கள் கழித்து வயிறு உப்பி வலிப்பதும், மலம் மெலிந்து வருவதும், சிக்கலும் போக்கும் மாறி மாறி வருவதும் குடல் குறுகியதன் அடையாளமாக இருக்கலாம். பலருக்குப் பலூன் வைத்து விரிக்கவோ அறுவை செய்யவோ வழி இருக்கிறது.

பயம் கடைசியாகத்தான் விலகுகிறது. வயிறு லேசாகக் கடமுடவென்றாலும் மனம் அந்த முதல் இரவுக்கு ஓடும். எனக்கு உதவியது ஒரு கேள்வி: "தாளில் ஒட்டியிருக்கும் அறிகுறிகளில் எது இப்போது இருக்கிறது?" ஒன்றும் இல்லையென்றால் ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் படுப்பேன். தினமும் எழுதிவந்த குறிப்பேட்டை, மருத்துவர் போதும் என்றதும் நிறுத்திவிட்டேன். இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது திரும்ப வருவதில்லை. ஆகவே வாழ்நாள் முழுவதும் வயிற்றுக்குக் காவல் இருக்கத் தேவையில்லை.

காவல் வேண்டிய நாட்கள் சில உண்டு. வாந்தியோ வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து சாப்பிட முடியாத நாளில், சிறுநீர் மாத்திரையையும் அழுத்த மாத்திரையையும் எடுக்கலாமா, எத்தனை நாள் நிறுத்தலாம், எப்போது மறுபடி தொடங்குவது என்பதை நலமாக இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சளி பிடித்து மருந்துக்கடைக்குப் போனால், இரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து கலக்காதது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். கண் அறுவையோ முழங்கால் அறுவையோ எதுவாக இருந்தாலும், மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்த நோயின் பெயரையும் வந்த மாதத்தையும் சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றில் எவ்வளவு நேரம் இருக்கலாம், எப்போது நீர் ஏற்றுவது, அழுத்தம் எந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று அவர் அதற்கேற்பத் திட்டமிடுவார்.